வால் மடிந்த செவலை

பொமரேனியன் நாய் ஒன்றைக் காணவில்லை என்று மாமல்லபுரம் கடற்கரையில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம், தங்கியிருந்த விடுதியின் கேட்டைச் சாத்த மறந்து அதைத் தொலைத்திருந்தது. மீன் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஒரு மூங்கில் கம்பத்தில் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"இன்னாம்மா அது, நாயா?"

"ஆமாக்கா. வெள்ளை நாய். இந்தப் பக்கம் எங்கயாவது பாத்தீங்களா?"

கரண்டியைச் சட்டி மேல் வைத்துவிட்டு வந்து படத்தை உற்றுப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரைக்கும் மசாலாச் சிவப்பு.

"இது இங்க வர்ல. வந்திருந்தா எங்க நாயிங்க சும்மா வுட்டிருக்காது." திரும்பிப் போகப் பார்த்தவர் நின்றார். "எங்க நாயும் காணோம். அதுக்கும் இந்த மாதிரி ஒட்டுவியா?"

ஒட்டுகிறேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும், கையில் டேப் இருந்தது.

நான் செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் பொறுப்பு. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினால் பத்து மணிக்கு முன் முடிந்துவிடும். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பதைவிட எந்த வீட்டில் எப்படிப்பட்ட நாய் என்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அப்படிப் போன ஒரு வீட்டில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்த ஓர் அம்மா ஒரு நாள் அழுதுகொண்டே கையை நீட்டினார். ஊசிக்கு அழவில்லை. நாயைக் காணவில்லை. "நீ நாலு வீட்டுக்குப் போற பொண்ணு, கண்ணுல பட்டா சொல்லும்மா" என்றார். இரண்டு தெரு தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கார் ஷெட்டில் அது படுத்திருந்ததை மறுநாளே பார்த்தேன். அவர்தான் என்னை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். காணாமல் போன நாய்களைத் தேடிக் கொடுக்கும் குழு. சென்னையிலிருந்து ஓர் அம்மா அதை நடத்துகிறார். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. வாடகை வீடு. என் கணவருக்கும் நாய் ஆகாது. "நம்ம வூட்ல இல்லாத நாய்க்கு நீ எதுக்கு வெயில்ல சுத்தற" என்பார். பிற்பகலில் எனக்கு வேலை இல்லை. தேடுவது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

நான் பிறந்தது படாளம் பக்கம் ஒரு காலனியில். அப்பா கரும்பு வெட்டப் போவார். எங்கள் தெருவிலும் நாய்கள் இருந்தன. எது யார் வீட்டு நாய் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் கட்டி வைத்ததில்லை. ஒன்று வராமல் போனால் இரண்டு நாள் கேட்பார்கள். "எங்க அத்த காணோம்?" பிறகு விட்டுவிடுவார்கள். நாய் தொலைந்துபோகும், அதற்குப் படம் போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள் என்பதெல்லாம் நான் வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது. குழுவுக்கு வந்த அழைப்புகளும் லாப்ரடார், பக், பொமரேனியன் வைத்திருப்பவர்களிடமிருந்துதான் வந்தன. மீன் கடைப் பெண் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டோ இருக்காக்கா?"

"நாயி போட்டோ எவன் எடுப்பான்?"

"சரி, எப்படி இருக்கும், சொல்லுங்க."

"செவலை. ஆம்பள நாயி."

கடற்கரையில் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த நாய்களில் பாதி செவலை. நான் அவற்றைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"வாலு நுனி மடிஞ்சிருக்கும். குட்டியா இருக்கறப்ப போட்ட மேல இஸ்துகினு வந்தாங்கோ, அதுல மாட்டிகிச்சி. அப்பிடியே நின்னுட்ச்சி."

"பேர் என்ன?"

"பேரு இன்னா பேரு. நாயி தான். 'இன்னாடா'ன்னா வரும்."

அவருடைய மகள் நர்சிங் படிக்கிறாள். கடைக்கு ஆள் வரட்டும் என்று அவள் போனில் எடுத்த சின்ன வீடியோ ஒன்று இருந்தது. எண்ணெயில் மீன் பொரிகிறது, நெத்திலி ஒரு தட்டில் குவிந்திருக்கிறது, கடைசியில் பெஞ்சுக்கு அடியில் ஒரு நாயின் பின்பாதி. வால் நுனி கொக்கி போல மடிந்திருந்தது. அதை நிறுத்திப் படமாக எடுத்துக்கொண்டேன்.

குழுவில் போட்டபோது சென்னை அம்மா கேட்டார்: வளர்ப்பு நாயா, தெரு நாயா? ஒரு அக்காவுடையது, கடற்கரையில் இருக்கும் என்று எழுதினேன். காலர் உண்டா, தடுப்பூசி அட்டை உண்டா? இல்லை. அப்படியானால் தானாக வந்துவிடும், நீங்கள் பொமரேனியனைக் கவனியுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. இருக்கிற ஆட்கள் கொஞ்சம், தொலைகிற நாய்கள் நிறைய. ஆனால் நான் ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேனே. செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடையில் செவலையின் பின்பாதியைப் பெரிதாக்கி அச்சடித்தேன். கடைக்காரர் படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்சி எங்க மேடம்?" என்றார்.

பொமரேனியன் கிடைக்கவில்லை. கடைசி வரை கிடைக்கவே இல்லை.

தேட ஆரம்பித்தால் நான் முதலில் செத்த நாய்களைத்தான் விசாரிப்பேன். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் அதைத் தள்ளிப்போட்டால் வேண்டாத அலைச்சல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் குப்பை அள்ளுபவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் போன் செய்தார்: கல்பாக்கம் போகும் பக்கம் ஓரமாக ஒரு செவலை கிடக்கிறது, வண்டி அடித்திருக்கிறது.

அக்காவைக் கடையிலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். இடம் வந்ததும் இறங்கி, சவுக்குக் குச்சி ஒன்றைப் பொறுக்கி, அந்த நாயின் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"நேரா கீது. இது இல்ல."

திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குச்சியைப் போட்டுவிட்டு நாயின் பின்னங்கால்களைப் பிடித்தார். "முன்னாண்ட புடிம்மா." இரண்டு பேருமாகத் தாரிலிருந்து இழுத்து, சவுக்குத் தோப்பு ஓரமாகப் போட்டோம். காலால் மணலைத் தள்ளி மூடினார். "யாரு வூட்டுதோ" என்றார்.

வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து என் காதருகே பேசிக்கொண்டு வந்தார். ஒரு மழைக்காலத்தில் வலைக் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்ததாம். வீட்டுக்காரர் போட்டில் ஏற்ற மாட்டேன் என்று விரட்டுவாராம். அதனால் இவரோடு ஒட்டிக்கொண்டது. காலையில் மீன் ஏலத்துக்குப் போனால் கூட வரும், கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால் கூட வரும்.

"நான் அடுப்பாண்ட நின்னுகினு இருந்தா என் காலு மேல வந்து குந்திக்கும். காலு மரத்துப் போவும். தள்ளி வுடுவேன், மறுபடி வந்து குந்திக்கும். ஒரே பேஜாரு. இப்ப காலு சும்மா கீது, நிக்கறதுக்கு இன்னாவோ மாதிரி கீது."

ஏன் தேடுகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கவில்லை. ஆனால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

நோட்டீஸைப் பார்த்து நிறையப் பேர் கூப்பிட்டார்கள். எல்லா ஊரிலும் செவலை இருக்கிறது. கோவளத்திலிருந்து ஒருவர் அடித்துச் சொன்னார், வால் மடிந்த நாய், தன் கடை வாசலிலேயே படுத்திருக்கிறது என்று. வெயிலில் அவ்வளவு தூரம் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. நாய் சுருண்டு படுத்திருந்தது.

"பாருங்க மேடம், மடிஞ்சிருக்கா?"

"படுத்திருக்குண்ணா. எழுப்புங்க."

எழுப்பினார். வால் நேராக நின்றது. அவர் அந்த வாலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

துப்பு கிடைத்தது கடைக்குப் பக்கத்திலேயேதான். கடற்கரையில் கார்களுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர், ஊருக்குப் போயிருந்தவர், திரும்பி வந்து கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டாராம், "இன்னாக்கா, இத்த நீ தான் குட்த்து அனுப்ச்சன்னு நென்ச்சேன்." அக்கா எனக்குப் போன் செய்தார். நான் போனபோது அந்த அண்ணனே விவரமாகச் சொன்னார்.

"ஒரு புருசன் பொஞ்சாதி. சின்ன வயசு. ஞாயித்துக்கெழமன்னா வருவாங்கோ, வெள்ளக் காரு. இதுக்கு சோறு வெச்சிகினு ஒக்காந்திருப்பாங்கோ. கால்ல அடிபட்டிருந்துச்சில்ல, தண்ணி ஊத்தி கய்வி வுட்டாங்கோ. அப்பறம் ஒரு நாளு துண்ட்ல சுத்தி கார்ல வெச்சிகினு போய்ட்டாங்கோ. ஆஸ்பத்திரிக்கின்னு நென்ச்சிகினேன். ஏசி காரு."

"நீ ஒண்ணும் கேக்கலியா?" என்றார் அக்கா.

"நாய இட்டுகினு போறவன இன்னான்னு கேக்கறது, அண்ணாத்த எங்க போறீங்கன்னா?"

எங்கள் குழுவில் இருப்பவர்கள் பலர், ஆதரவில்லாத நாய்களுக்கு வீடு தேடித் தரும் இன்னொரு குழுவிலும் இருக்கிறார்கள். அதில் இருந்த ஒரு பெண்ணிடம், மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து யாராவது செவலை நாயைக் கொண்டுபோனதாகப் போட்டிருக்கிறார்களா, வால் மடிந்தது என்று கேட்டேன். அன்று மாலையே இரண்டு படங்கள் அனுப்பினாள். முதல் படத்தில் மணலில் ஒரு நாய், முன்னங்காலில் புண், விலா எலும்பு தெரிகிறது. இரண்டாவது படத்தில் அதே நாய் சோபாவில், கழுத்தில் நீலப் பட்டை, வயிறு நிறைந்து பளபளவென்று. வால் நுனி சோபாவின் ஓரத்தில் கொக்கி போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பிற்பகல், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காவிடம் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். இரண்டாவது படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"குளிப்பாட்டிக்கிறாங்கோ" என்றார். "கீய இன்னா எய்திக்கீது?"

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். கடற்கரையில் யாருமில்லாமல் பசியோடு கிடந்த இந்த ஜீவனுக்கு இன்று ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது.

"யாரும் இல்லாமயா?"

முதல் படத்துக்குப் போனார். மகள் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நாயைத் தாண்டி, படத்தின் ஓரத்துக்கு நகர்த்தினார். எங்கள் தலைக்கு மேல் கட்டியிருந்த அதே நீலத் தார்ப்பாய். அதற்குக் கீழே ஒரு முழங்கை, சிவப்புக் கண்ணாடி வளையல், கையில் கரண்டி.

"இந்தா பாரு. இது என் கை. நான் இங்கயே தான் நிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. யாரோ தவறாக எழுதியதைத் திருத்துவது போலச் சொன்னார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த ஆளுக்கு இரண்டு வவ்வால் மீன் பொரித்துக் கொடுத்தார்.

அவர் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வுடு. நல்லா தான கீது. நம்ம கிட்ட இருந்தா சோபாவா போட போறோம்" என்றார். அக்கா என்னிடம், "எனக்கு அத்த பாக்கணும்" என்றார்.

படம் அனுப்பிய பெண்ணிடமே நம்பர் வாங்கி, அந்தத் தம்பதிக்கு நான் செய்தி அனுப்பினேன். முதலில் கணவன்தான் பதில் எழுதினான். தப்பாக ஏதோ நினைத்திருக்கிறீர்கள், அது தெரு நாய், எங்களிடம் மருத்துவரின் சீட்டெல்லாம் இருக்கிறது. அக்காவின் மகள் எடுத்த வீடியோவை வாங்கி அனுப்பினேன். பதில் இல்லை. அவர்கள் போட்டிருந்த முதல் படத்தையே பெரிதாக்கி, அந்தக் கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அனுப்பினேன். சில நாள் கழித்து மனைவி கூப்பிட்டாள். சின்னக் குரல்.

"அக்கா, அவங்க அந்த மீன் கடை அம்மாவா?"

"ஆமாம்மா."

"நாங்க அவங்ககிட்டதான் மீன் வாங்கிச் சாப்பிடுவோம்" என்றாள். "வந்து பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டுப் பேசலாம்."

கேளம்பாக்கத்தைத் தாண்டி, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் இருக்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அக்கா கடைக்கு லீவு விட்டுவிட்டு நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, கையில் ஒரு ஒயர் கூடையோடு வந்து ஸ்கூட்டரில் ஏறினார். கூடையில் சங்கரா மீன். அன்று காலைதான் வந்ததாம்.

வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். "யாரைப் பாக்கணும்? இன்னா விஷயம்?"

"எங்க நாயி மேல கீது" என்றார் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் பிளாட் நம்பரைச் சொன்னேன். மேலே போன் செய்து கேட்டுவிட்டு விட்டார். லிஃப்டில் எங்களோடு ஏறிய ஒருவர் கூடையைப் பார்த்துவிட்டு அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் செவலை என்னைப் பார்த்துக் குரைத்தது. பிறகு அக்காவைப் பார்த்தது. குரைப்பது நின்றது. பாய்ந்து வந்து நக்கும், சுற்றிச் சுற்றி ஓடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், மற்ற நாய்கள் அப்படித்தான் செய்திருக்கின்றன. இது மெதுவாக வந்தது. அவர் பாதத்தை மோந்தது, கூடையை மோந்தது, திரும்பவும் பாதத்துக்கு வந்தது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாடா" என்றார் அக்கா. "இங்க கீறியா."

அந்தப் பெண் சமையலறைக்குள் போய்விட்டாள். காபி போடத்தான் போனாள், ஆனால் ரொம்ப நேரம் ஆயிற்று. கணவன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றான். இருபத்தெட்டு, முப்பது வயது. எங்களை உட்காரச் சொன்னான். அக்கா உட்காரவில்லை. கால் மேல் நாய் இருந்தது.

காபியோடு வந்தபோது அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது. "புண்ணுல புழு வெச்சிருந்ததுக்கா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்று அக்காவிடமே சொன்னாள்.

"தெரியும் பாப்பா. மஞ்சா வெச்சேன், வேப்பெண்ண வெச்சேன். நக்கி நக்கி எட்த்துட்ச்சி. ஆஸ்பத்திரிக்கு எப்பிடி இட்டுகினு போறது, பஸ்ல ஏத்த மாட்டான்." குனிந்து அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். மயிர் முளைத்து மூடியிருந்தது. "நல்லா பண்ணிக்கிற. நான் ஒண்ணும் அத்த சொல்லல. ஆனா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. நான் பக்கத்துல தான நின்னுகினு இருந்தேன்."

"உங்களோடதுன்னு தெரியலக்கா. கழுத்துல ஒண்ணும் கட்டல. நாங்க மூணு வாரம் வந்து சாப்பாடு போட்டோம், யாரும் எதுவும் கேக்கல."

"நீ போட்ட, அது துன்னுச்சி. அதுல நான் இன்னா கேக்கறது?"

எனக்கு அந்த இடத்தில் யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. புழு வைத்த புண் எப்படியிருக்கும், எவ்வளவு நாற்றம் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவது சாதாரணக் காரியம் இல்லை. ஹாலின் மூலையில் நாய்க்கு ஒரு மெத்தை இருந்தது, அதன் மேல் அந்தப் பெண்ணின் பழைய துப்பட்டா விரித்திருந்தது.

கணவன் அப்போதுதான் பேசினான். "இங்க சேஃபா இருக்கும்மா. அங்க வண்டி, மத்த நாய்ங்க, வெயில். நீங்க பாத்துக்கறீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா மறுபடி அடிபட்டா என்ன பண்ணுவீங்க?"

அக்கா காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்து, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தார்.

"மறுபடி அடிபட்டா உனுக்கு போன் பண்றேன். நீ காரு எட்த்துகினு வா. இட்டுகினு போயி ஊசி போட்டு, திருப்பிக் கொண்டாந்து வுடு."

அவன் சிரித்துவிட்டான். சிரிக்க வேண்டும் என்று நினைத்துச் சிரித்ததாகத் தெரியவில்லை. அவர் கேலி பேசவில்லை, நடக்கக்கூடிய ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். அந்தப் பெண் மட்டும், "ராத்திரி என் பக்கத்துலதான்க்கா தூங்கும்" என்றாள்.

"எனுக்கும் கஷ்டமா தான் கீது பாப்பா, உன்ன பாக்கறதுக்கு. ஆனா இத்த இங்க வுட்டுட்டு என்னால வூட்டுக்குப் போவ முடியாது."

அந்தப் பெண் நாயின் மாத்திரைகளையும் தடுப்பூசி அட்டையையும் ஒரு பையில் போட்டாள். நீலப் பட்டையைக் கழற்றப் போனாள், அக்கா அது இருக்கட்டும் என்றார். மீனை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி, குடல் எடுக்காமல் வைத்தால் கெட்டுவிடும் என்று அந்தச் சமையலறையிலேயே நின்று கத்தியை வாங்கிச் சுத்தம் செய்து கொடுத்தார். செவலைக்கு ஒரு துண்டு போட்டார். அது மோந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் விட்டது.

நாயோடு ஸ்கூட்டரில் வர முடியாது. கணவனே காரை எடுத்தான். அக்காவும் நாயும் அந்தப் பெண்ணும் பின் சீட்டில். நான் பின்னாலேயே போனேன். கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஓரமாக நின்றது. செவலை வாந்தி எடுத்திருந்தது. அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன் வாயைக் கழுவிக்கொண்டிருந்தாள், அக்கா சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மீனவர் குப்பத்தில் இறங்கியதும் மற்ற நாய்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டன. பழைய கூட்டாளியை வரவேற்க வரவில்லை. ஷாம்பு வாசனையோடு வந்த ஒரு புது நாயை விரட்ட வந்தன. செவலை ஒரு போட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. அந்தப் பெண் மணலில் மண்டியிட்டு அதைக் கூப்பிட்டாள், தான் வைத்திருந்த பெயரைச் சொல்லி. அக்காவின் வீட்டுக்காரர் துடுப்பால் மற்ற நாய்களை விரட்டினார். நான் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் செய்தது சரிதானா என்ற கேள்வி அன்று எனக்கு நன்றாகவே வந்தது.

முதல் சில நாட்கள் கஷ்டம்தான் என்று அக்கா போனில் சொன்னார். மீன் தலையைத் தொடவில்லையாம். தட்டில் வைத்துக் கொடுத்தால் தின்றதாம், கீழே போட்டால் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். "ஏசி ரூமு கேக்குது" என்று சிரித்தார். பிறகு சரியாகிவிட்டது. நான் அடுத்த தடவை போனபோது அடுப்பருகே அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் மணல். நீலப் பட்டை எங்கோ அறுந்து விழுந்துவிட்டதாம். அதற்குப் பதில் வலைக் கயிற்றைத் திரித்துக் கட்டி, அதில் ஒரு சிறிய மிதவையைக் கோத்திருந்தார். மிதவையில் மகளின் போன் நம்பரை மார்க்கரால் எழுதியிருந்தார்கள்.

குழுவில் பெரிய சண்டை ஆயிற்று. காப்பாற்றப்பட்ட நாயைத் திரும்பத் தெருவில் விட்டுவிட்டதாக ஒருவர் எழுதினார். இன்னொருவர், ஏழை வைத்திருந்தால் அது தெரு நாய், பணக்காரர் வைத்திருந்தால் வளர்ப்பு நாயா என்று கேட்டார். இரண்டு பேரும் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். சென்னை அம்மா எனக்குத் தனியாகப் போன் செய்து, கேட்காமல் செய்துவிட்டீர்களே என்றார். கேட்டுத்தான் செய்தேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள் என்றேன். கொஞ்ச நாள் என்னைக் கூப்பிடவில்லை. அப்புறம் வேடந்தாங்கலில் பறவை பார்க்க வந்தவர்களின் பக் நாய் ஒன்று ஏரிக்கரையில் காணாமல் போனது. அந்தப் பக்கம் போக வேறு ஆள் இல்லை, கூப்பிட்டார். அன்று மாலையே வரப்போரம் ஒரு பம்பு செட் ரூமில் கிடைத்தது.

அதன் பிறகு என் வழக்கத்தில் ஒரு விஷயத்தை மாற்றிக்கொண்டேன். கடற்கரையிலோ கிராமத்திலோ ஒரு நாயை யாராவது கொண்டுபோவதாகச் சொன்னால், பக்கத்துக் கடையில் கேட்டீர்களா, பக்கத்து வீட்டில் கேட்டீர்களா என்று முதலில் கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. கேட்டுவிட்டு வந்து, ஆமாம், அது ஒரு தாத்தாவுடைய நாயாம் என்று சொன்னவர்களும் உண்டு.

அந்தத் தம்பதி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. முதல் தடவை எப்படியிருக்குமோ என்று பயந்துகொண்டு வந்தார்களாம். அக்கா அவர்களுக்கு மட்டும் நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைக்கிறார் என்று வீட்டுக்காரர் குறைப்படுகிறார். நடுவில் செவலைக்குக் காதில் சீழ் வைத்தபோது சொன்னபடியே போன் செய்தார், அவனும் சொன்னபடியே காரில் வந்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். தூறல் விட்டிருந்தது. அந்தப் பெண் காரைத் திறந்து குடையை எடுத்தாள், அதற்குள் செவலை உள்ளே ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் வரவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்காவின் இரண்டு கையிலும் மசாலா. அடுப்பை விட்டு நகர முடியாது.

"எறங்குடா" என்றார். அது காதை மட்டும் ஆட்டியது. "நீ போயி இஸ்துகினு வாம்மா" என்றார் என்னிடம்.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கனத்தது. கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு இறங்கி, உடம்பை உதறி எங்கள் எல்லோர் மேலும் மண்ணைத் தெளித்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தப் பெண் குடையை மடக்கி வைத்துவிட்டு, இரண்டு தட்டு நெத்திலி கேட்டாள்.